பிரம்பும் பொம்மைப் பிரதமரும்

1984இல் இலங்கையில் நம் கல்லூரியை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டு, லண்டன் பிரெண்ட் பகுதியில் ஒரு அரசுப் பள்ளியில் சேர்ந்தவன் நான். இந்தக் கல்லூரி மலரைத் தயாரிக்கும் குழுவினர் கேட்டது கல்லூரி நினைவுகளை. அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். பாதியில் போனவனிடம் மீதிப் பாதியையும் கேட்டால் என்ன என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

புதிய பள்ளியில் ஆசிரியர் உள்ளே வந்தால் ஒருவரும் எழும்புவதில்லை. கழுத்துப்பட்டியை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தெரியும்படி கட்டி, மீதியைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும்; அதுதான் ஸ்டைல். முழுநீளத்துக்குக் கட்டிக்கொண்டு போன என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பிரம்பைக் கண்ணிலும் காணவில்லை. ஆனால் நாட்டில் அது இன்னும் ஒழிந்திருக்கவில்லை. 1986 ஜூலையில் அரசுப் பள்ளிகளில் அடியை நிறுத்துவது பற்றிப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 231, எதிர்ப்பு 230. ஒரே ஒரு வாக்கு! நம் கணித சேரின் பூவரசங்கம்பை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்த நாட்களில் ஆசிரியர்கள் சம்பளத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'ஆசிரியர் ஸ்ட்ரைக்' என்றால் அம்மா நம்பமாட்டார். போதாக்குறைக்கு பிபிசியில் 'கிரேஞ்ச் ஹில்' என்று ஒரு பள்ளிக்கூட நாடகம். 1986இல் அதில் ஸாமோ என்ற மாணவன் ஹெரோயினுக்கு அடிமையானான். அடுத்த நாளிலிருந்து என் புத்தகப்பைக்குச் சோதனை தொடங்கியது.

மொத்தம் நாலு சனல்கள்தான். சனல் 4இல் வரும் 'கவுண்ட்டவுன்' அப்பாவுடையது. ஆறு எண்களைக் கொடுத்து, கூட்டிக் கழித்துப் பெருக்கிப் பிரித்து ஒரு மூன்றிலக்க எண்ணை 30 செக்கனுக்குள் பிடிக்கச் சொல்வார்கள். இரவு வேலைக்குப் புறப்படுமுன் அப்பா மின்சார பில் வந்த உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்குவார். ஊரில் கணக்காளராக இருந்தவர், இங்கே பெட்ரோல் நிலையத்தில் நின்றார். போட்டியாளர் தடுமாறும்போது "சரி, வந்திட்டுது" என்று அவர் சொல்லும் குரலில் பழைய கந்தோர் மிடுக்கு இருக்கும்.

ஞாயிறு இரவு வந்தால் ஐடிவியில் 'ஸ்பிட்டிங் இமேஜ்'. ரப்பர் பொம்மைகளை வைத்து அரசியல்வாதிகளைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆண்களைப்போல கோட், சூட், டை கட்டி, மந்திரிமாரைப் பள்ளிப் பிள்ளைகளாக மிரட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார்.

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."

"அப்பா, அவையளும் இதைத்தான் பாக்கினம்!"

பிரதமரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்பதை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை என்றே நினைக்கிறேன். அதோடு அவருக்குத் தாட்சர் மேல் ஒரு மரியாதையும் இருந்தது. "நாட்டை ஒரு பிடியில வைச்சிருக்கிற மனுசி" என்பார்.

1987 பெப்ரவரியில் அதே பெட்டியில் எங்கள் ஆட்களைப் பார்த்தோம். திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஹீத்ரோ விமான நிலையத்தில், அந்தக் குளிரில், உடுப்பைக் களைந்து உள்ளாடையோடு எதிர்ப்புக் காட்டினார்கள். மறுநாள் வகுப்பில் ஒருவன், "அது உங்கள் நாட்டுக்காரரா?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் விளக்கத் தொடங்க, பாடம் நடத்த வந்த ஆசிரியை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைத் தொடரச் சொன்னார். என் அரைகுறை ஆங்கிலத்தில் 1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைச் சொல்லி முடிக்க மணி அடித்துவிட்டது. நம் கல்லூரியில் அதைப் பற்றி உரக்கப் பேச யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

ஜூன் 11 பொதுத்தேர்தல். பொதுநலவாய நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாக்கு இருந்தது. எங்கள் பிரெண்ட் தெற்குத் தொகுதியில் தொழிற்கட்சியின் போல் போட்டெங் வென்றார். அவரைப்போலவே வெள்ளையரல்லாத டயான் அபொட், பேர்னி கிராண்ட், கீத் வாஸ் ஆகியோரும் அன்றுதான் முதன்முதலில் தெரிவானார்கள். ஆட்சி என்னவோ மூன்றாம் முறையும் தாட்சருக்கே.

"யாருக்குப் போட்டீங்கள்?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"அது ரகசிய வாக்கு."

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "என்ன ரகசியம்? அந்த மனுசிக்குத்தான் போட்டிருப்பார். ஹீத்ரோவில அந்தப் பெடியள் நிண்ட நிலையைப் பாத்த பிறகு நான் தொழிற்கட்சிக்குத்தான் போட்டனான்."

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "அப்ப ரெண்டு பேரின்ர வாக்கும் வெட்டுப்பட்டுப் போச்சே! முதலே சொல்லியிருந்தா வீட்டில இருந்திருக்கலாம்."