கோலகங்சார் மரமும் நம்ம உறுமியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர்கள் நாங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாருக்குப் போனால் லக்சா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவோம். மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலிக்குள் நிற்கும் ரப்பர் மரத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் மிஞ்சியது அது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கே இந்த மரம்தான் காரணம். கும்பிடுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காராய் பக்கம் பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறந்த விக்டோரியா ரயில் பாலத்தில் இப்போது ரயில் இல்லை, கல்யாண போட்டோதான்.

கோலகங்சார் அரச நகரம் என்பதால் பேராக் சுல்தானுக்கு நோபாட் வாத்தியக் குழு உண்டு. அதில் செருனாய் ஊதுவது நம்ம நாயனத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். நம் தேசிய கீதமான நெகாராகூவின் மெட்டும் பேராக் மாநில கீதத்திலிருந்து 1957-இல் எடுத்ததுதான், தெரியுமா?

ஆனால் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த காதுக்கு உறுமி மேளம்தான். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது வரும் அந்த முனகல், காதில் விழுவதற்கு முன் வயிற்றில் இறங்கும். மறுபக்கம் அடி. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) காலியாயின, சனங்கள் தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) வந்தார்கள். உறுமியும் கூடவே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் பயிற்சி எடுக்கிறான். நன்றாகவே வாசிக்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் கொஞ்சம் பார்த்து வாசி, ராசா!