சண்டைக்களத்துக்கு முன்னால் வரும் சீட்டுக்குலுக்கல்

இளம் வாசகர்களுக்கான டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுமையான விதிகளில் ஓடும் ஒரு கற்பனைச் சமூகத்தைப் பற்றிய கதை, என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வில், அம்பு, இடிந்த நகரம், புரட்சி, நடுவே ஒரு காதல். எனக்கு அதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. அந்த ஊரில் என்ன சட்டம், அதற்குள் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை எப்படித் தானாகவே போய்ச் சிக்குகிறது, இதைத்தான் முதலில் தேடுவேன்.

2008-ல் வந்த சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் பேசுவது பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிடும் அந்தச் சண்டைக்களத்தைப் பற்றி, ஆனால் என்னை உலுக்கியது அதற்கு யார் போவது என்று முடிவுசெய்ய முன்னால் வரும் சீட்டுக்குலுக்கல்தான். 12 வயதில் உங்கள் பெயர் ஒரு சீட்டில் இருக்கும், வருஷத்துக்கு ஒன்று கூடி 18 வயதில் ஏழு ஆகும். எல்லோருக்கும் ஒரே கணக்கு, கேட்க நியாயமாகக்கூட இருக்கும். அப்புறம்தான் வருகிறது விஷயம்: வீட்டில் பட்டினி என்றால் வருஷாவருஷம் வீட்டில் ஆளுக்கு ஒன்றாகக் கூடுதல் சீட்டு போட்டுக்கொள்ளலாம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கென்று கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள், போட்ட சீட்டுகள் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் சேர்ந்துகொண்டே போகும். அப்படித்தான் 16 வயதுக் கதாநாயகி காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் ஏறுகிறது, அவளுடைய நண்பன் 18 வயது கேலின் பெயர் 42 சீட்டுகளில். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஏழோடு சரி. இந்த ஏற்பாட்டால் ஏழைப் பிள்ளைகளின் கோபம் அரசின் பக்கம் திரும்பாமல் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மேல் திரும்புகிறது. கேல் காட்டுக்குள் போய்க் கத்தித் தீர்ப்பது இதைத்தான். ஒரு அரசு எப்படி ஓடுகிறது என்பதைப் பதின்வயதினருக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1993-ல் வந்த லோயிஸ் லோரியின் 'தி கிவர்' இதைவிட அமைதியான புத்தகம், அதனாலேயே இன்னும் பயங்கரம். அங்கே பசி இல்லை, சண்டை இல்லை, நிறங்களும் இல்லை. கதையின் நாயகனான சிறுவன் ஜோனாஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர், ரொம்ப அன்பானவர். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை 'விடுவிக்கும்', அதாவது கொல்லும், பொறுப்பு அவருக்கு, அதை ஊசி போட்டு, கொஞ்சலாக டாட்டா சொல்லி முடித்துவிடுகிறார். மகன் அந்தப் பதிவைப் பார்க்கிறான். அப்பா கொடூரமானவராக இருந்திருந்தால் வாசிக்கும் பிள்ளை அவரை வெறுத்துவிட்டு நகர்ந்திருக்கும், லோரி அந்த வசதியை நமக்குத் தரவில்லை.

பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 'தி கிவர்' நாவலைப் பள்ளிகளிலிருந்து நீக்கச் சொல்லிப் பல தடவை புகார்கள் போயிருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. காரணம் சொல்லாமல் போடப்படும் விதிகளுக்குள்தான் பிள்ளைகள் தினமும் வாழ்கிறார்கள், எந்த விதி யாருக்குச் சாதகம் என்று பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஜான் கிறிஸ்டோபர் 1967-லேயே 'தி ஒயிட் மவுண்டன்ஸ்' நாவலில் இதைத் தொட்டுவிட்டார்: 14 வயதானதும் தலையில் ஒரு உலோக வலை, அதோடு கேள்வி கேட்கும் புத்தி போய்விடும், ஊரே அதைத் திருவிழாவாகக் கொண்டாடும்.

'தி ஹங்கர் கேம்ஸ்' வெற்றிக்குப் பின்னால் வந்த பலதும் சண்டைக்களத்தை எடுத்துக்கொண்டு தானியத்தை விட்டுவிட்டன என்பதுதான் என் வருத்தம். பிள்ளைகளைப் பிரிவு பிரிவாகப் பிரிப்பார்கள், சோதனை வைப்பார்கள், ஆனால் அந்த ஊரில் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, யார் கணக்கு வைக்கிறார்கள் என்று நூறு பக்கம் போனாலும் தெரியாது. அப்படிப்பட்டதை நான் அங்கேயே மூடிவைத்துவிடுகிறேன்.