மாமா ரயில்

இந்தப் பதிவில் இரண்டு பெயர்களை எழுத மாட்டேன். ஒன்று என் மாமனாருடையது, இன்னொன்று அவருடைய அப்பாவுடையது. காரணம், நான் எழுதுவதையெல்லாம் அத்தை இப்போது பேரனின் கைப்பேசியில் வாசிக்கிறார். வாசிப்பு என்றால் கண்ணால் அல்ல, வாயால். எழுத்து எழுத்தாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. போன தடவை அவருடைய மீன் குழம்பைப் பற்றி எழுதியதற்கு, மூன்று வீடு தள்ளியிருந்து "புளி அளவு தப்பு" என்று திருத்தம் வந்தது. இந்தப் பதிவில் அந்த இரண்டு பெயர்களில் ஒன்று வந்தாலும் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இரண்டு பத்தி போதும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் அம்மா அப்பாவை "ஏனுங்க" என்று கூப்பிடுவார், அவ்வளவுதான் மரியாதை. வங்கிப் படிவத்தில் கணவர் பெயர் கேட்டால் பளிச்சென்று சொல்லிவிடுவார். அத்தையின் மரியாதை அந்த ரகம் இல்லை. புருஷன் பெயர், மாமனார் பெயர் இரண்டையும் சொல்லக் கூடாது என்பதோடு, அந்தப் பெயர் ஒட்டியிருக்கிற எந்தப் பொருளையும் சொல்லக் கூடாது.

கல்யாணமான முதல் வருடம் அத்தை தொலைபேசியில், "மாமா ரயில்லதான வாறீக?" என்று கேட்பார். மாமா ரயில்வேயில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது. சென்னையில் மாலையில் ஏறினால் விடியுமுன் ராமநாதபுரத்தில் இறக்கிவிடுகிற அந்த எக்ஸ்பிரஸுக்கு அத்தையின் மாமனார் பெயர். திருப்புல்லாணியைத் தாண்டினால் வருகிற, அமாவாசைக்கு எல்லோரும் போகிற கடற்கரைக்கும் அதே பெயர். அத்தைக்கு அது "மாமா கரை". ராமநாதபுரம் ராஜாக்களின் பட்டத்திலும் அந்தப் பெயர் உண்டு என்பதால் அரண்மனையைத் தாண்டும்போது பேச்சே கிடையாது.

புருஷன் பெயரால் வந்த சிக்கல் இதைவிடப் பெரிது. பனங்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டுக்கொண்டு, பதநீரைக் காய்ச்சினால் என்ன வரும் என்பதைச் சொல்ல முடியாது. அத்தை "பனங்கட்டி" என்பார். நான் அதையே கற்றுக்கொண்டு கடையில் போய்க் கேட்டேன். "சிலோன்காரங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். கருவாட்டுக்குத் தடை இல்லை. மூன்றாவது எழுத்தாக 'ப்' வந்தால்தான் தடை. மாமா போய் ஆறு வருடம் ஆகியும் இது நீங்கவில்லை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் தடைக்காலம். அத்தைக்கு 52 வருடம்.

அந்த 61 நாளில் பாதி நாட்களாவது எங்கள் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகுகளைக் கட்டிப்போட்டிருக்கும் அதே காலத்தில் இவர்கள் புத்தகத்தைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். காலையில் பதநீர், பதினோரு மணிக்கு நுங்கு, தின்று முடித்த நுங்கின் கூட்டில் நுங்கு வண்டி, மத்தியானம் வேப்பமரத்தடி, சாயங்காலம் கடல். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். அதன் விலையைக் கேட்டால் சைவத்துக்கு மாறிவிடலாமா என்று தோன்றும்.

பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கும்போது பையின் அடியில், மாங்காய்ப் பிசின் ஒட்டிய ஒரு தாள் கிடைத்தது. விடுமுறை வேலை. பத்துக் கதைப் புத்தகம் வாசிக்க வேண்டும். 'என் வம்ச மரம்' என்று ஐந்து தலைமுறைக்கு வரைந்து பெயர் எழுத வேண்டும். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெரியவன் அதை என்னிடம் நீட்டிவிட்டு நுங்கு வண்டி ஓட்டப் போனான்.

முதல் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் இரண்டையும் உட்கார வைத்து வாசிப்பு. ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்ட இரண்டு ஆடுகளின் கதை.

"ஒரு காட்டில் ஒரு வெள்ளை ஆடும், ஒரு அவுக நிற ஆடும் இருந்தன."

சின்னவளுக்கு ஆறு வயது. "அவுக நிறம்னா என்ன நிறம் அப்பத்தா?"

"ராத்திரி நிறம்டி. கதையக் கேளு. வெள்ளை ஆடு சொன்னது, நான்தான் முதலில் போவேன். அவுக ஆடு சொன்னாக..."

ஆட்டுக்கும் மரியாதை வந்துவிட்டது. கடைசியில் இரண்டும் ஆற்றில் விழ வேண்டும். அத்தை வெள்ளை ஆட்டை மட்டும் தள்ளிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

இரண்டாவது வேலைக்கு நானே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். என்ன ஆச்சரியம், அத்தை அருவி மாதிரி கொட்டினார். எல்லாம் பெண்கள். பெண்கள் பெயருக்குத் தடையே இல்லையே! ராமேசுவரத்து அம்மன் பர்வதவர்த்தினி எங்கள் வீட்டு வாயில் பருவதம் ஆகிவிடுவாள். அப்படி மூன்று பருவதம் இருந்தார்கள். நெட்டைப் பருவதம், செவிட்டுப் பருவதம், கொழும்புப் பருவதம். கொழும்புப் பருவதம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி ஊருக்கு வருவாராம். 1964 புயலுக்கு முந்தைய கதை. அந்தப் பாதையே இப்போது இல்லை, ஆனால் அவர் கொண்டுவந்த பீங்கான் கோப்பையின் காது மட்டும் வீட்டில் இருக்கிறது. யார் யாருக்கு மாமியார், யார் யாரோடு எத்தனை வருடம் பேசவில்லை, எதனால் பேசவில்லை (ஒரு அம்மிக்கல்லால்) என்பதெல்லாம் நான்கு பக்கம் வந்தது.

"சரி அத்தை, இவுங்க வீட்டுக்காரர் பேரு?"

"அவுகதான்."

"எவுக?"

"மாமாவோட அப்பா."

இப்படியே நாலு தலைமுறை. தாளில் பெண்களெல்லாம் வரிசையாக நிற்க, ஆண்கள் இருக்க வேண்டிய கட்டமெல்லாம் காலி.

ஆண்களைத் தேடி இவர், அதாவது என் வீட்டுக்காரர், பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அந்துருண்டை வாசனையோடு ஒரு கிரய சாசனம், 1938. மேலே முத்திரையில் ஜார்ஜ் மன்னர் தலை. "இவருதான் முதல் தாத்தாவா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவன் வாசிக்க ஆரம்பித்தான். "பகுதானிய வருஷம் வைகாசி மாதம்..." அதற்குள் அவனுக்குச் சந்தேகம். "அம்மா, இது மளிகைச் சீட்டு. தானியம்னு போட்டிருக்கு." அறுபது தமிழ் வருடங்களில் அதுவும் ஒன்று என்று சொல்லி மேலே போகச் சொன்னேன்.

போனான். இன்னார் குமாரர் இன்னார் என்று பெயர் வந்த இடத்தில் அத்தை காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். பெரியவன் கண்ணை விரித்தான். "அப்பா! நிலத்தை வாங்கினது நீங்கதான்! உங்க பேரு, உங்க அப்பா பேரு, எல்லாம் அப்படியே இருக்கு. 1938ல நீங்க எங்கே இருந்தீங்க?"

இவருக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அது தெரியும். ஆனால் தாத்தாவின் அப்பாவுக்கு எப்படி என் மாமனார் பெயர் வரும்? "பத்திரம் எழுதினவர் அப்பனையும் மகனையும் மாத்தி எழுதியிருக்கார்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இவரும் தலையாட்டினார். எங்கள் வீட்டில் நான் தவறாகச் சொல்லும்போதுதான் இவர் உடனே ஒத்துக்கொள்வார்.

பெரியவனுக்கு அதைவிடப் பெரிய ஆள் அகப்பட்டார். ஷை. "ஷை கிராமத்தில், ஷை புஞ்சைக்குக் கிழக்கு, ஷை பனை மரங்களுக்கு மேற்கு..." பத்திரம் முழுக்க அவர்தான். "நம்ம வம்சத்துலயே ஷைதான் பணக்காரர். ஊரே அவரோடது" என்று சொல்லிவிட்டு, வம்ச மரத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் 'திரு. ஷை' என்று எழுதினான். ஷை என்றால் 'மேற்படி', பழைய பத்திரங்களில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று இவர் விளக்குவதற்குள் மையும் காய்ந்துவிட்டது. அந்தக் காலத்து ராமநாதபுரம் ஜில்லா ரொம்பப் பெரிது, 1985இல் தான் மூன்றாகப் பிரித்தார்கள், சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அப்போது நம்முடையது என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன்.

"நம்மளோடதா, ஷையோடதா?" என்றான்.

தெற்கு எல்லையில் ஒரு பெண் வந்தார். பெயர் இல்லை, 'ஷையார் பெண்சாதி' மட்டும். கொல்லைப்புறத்திலிருந்தே அத்தையின் குரல் வந்தது. "அது செவிட்டுப் பருவதம்!"

இரண்டு நாள் கழித்து வைகாசி அமாவாசை. மாமா கரைக்குப் போனோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வைகாசியில் ஐயர் குடையின் கீழ் நமக்காக உட்கார்ந்திருப்பார். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில், முழங்கால் அளவுக்கு அலையில்லாத தண்ணீர். இவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார்.

"அப்பா பேரு?" சொன்னார். "தாத்தா பேரு?" அதையும் சொன்னார். அத்தை அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தாவோட அப்பா பேரு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுக்காமல் வந்துவிட்டேன். எடுத்து வந்திருந்தாலும் அதில் பருவதங்கள்தான்.

"தெரியலேன்னா பாதகமில்லை, அதுக்கும் வழி இருக்கு" என்றார் ஐயர்.

அத்தைக்குச் சுருக்கென்றது. "ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்."

"சொல்லுங்கம்மா."

அமைதி. அத்தை ஐயரின் குடையைக் காட்டினார். "குடையா?" என்றேன். இல்லை என்று தலையாட்டி, என் தலைமுடியைப் பிடித்துக் காட்டினார். "முடியரசனா?" என்றார் இவர். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டு, எள்ளுருண்டைக்காகக் காத்திருந்த காக்காயைக் காட்டினார்.

"காக்கா!" என்று கத்தினேன்.

"காக்கா பிண்டத்துக்குத்தான் வரும்மா, பேருக்கு வராது" என்றார் ஐயர். அவருக்கும் அன்று பொழுது நன்றாகப் போனது.

மணலில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். "அப்பத்தா, அவுக நிறமா?"

அத்தை அவளை வாரித் தூக்கிக்கொண்டார். "என் தங்கம், நீதான்டி படிச்ச பிள்ள!"

அப்பா பெயரேதான் தாத்தாவின் அப்பாவுக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர், அவன் பேரனுக்கு அவன் பெயர் என்று இரண்டே பெயரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். பத்திரத்தில் பிழையே இல்லை. என் தீர்ப்பில்தான் பிழை. (பள்ளி திறந்ததும் ஆசிரியை சிவப்பு மையில், "ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, சரிபார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார். உச்சியில் அழிபடாமல் நின்ற ஷையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.)

திரும்பும் வழியில் திருப்புல்லாணிப் பெருமாளைப் பார்த்தோம். தசரதன் பிள்ளை வரம் வேண்டி வந்த தலம் என்பார்கள், அங்கே பாயசம் விசேஷம். பிள்ளை வேண்டுகிறவர்கள் குடிப்பது. நாங்கள் இருக்கிற இரண்டைச் சமாளிக்கத் தெம்பு வேண்டிக் குடித்தோம்.

கோயில் மண்டபத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. முறைப்படி பெரியவனுக்கு மாமா பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். நான்தான் பிடிவாதமாக, இணையத்தில் தேடிய ஒரு குட்டிப் பெயரை வைத்தேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது அத்தை ஒருவர்தான் என் பக்கம் நின்றார். அப்போது அதைப் புதுமை என்று நினைத்தேன்.

"வருத்தமா அத்தை?" என்றேன்.

"என்ன வருத்தம்? எங்க வீட்டு ஆளை வாய் திறந்து கூப்பிட்டதில்ல. பெத்த மகனுக்கு மாமா பேரு, அவனையும் தம்பி தம்பின்னே கூப்பிட்டாச்சு. நீ வந்த புதுசுல வாசல்ல நின்னு அவன் பேருக்கு முன்னால 'டேய்' போட்டியே, குடத்தக் கீழ போட்டுட்டேன், எங்க மாமாவத்தான் வையிறேன்னு. இவனுக்கும் அவுக பேர வச்சிருந்தா நான் ஒரு ஆம்பளையவாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?"

ஒரு வேலையும் இல்லாமல் நாளைக்கு நாற்பது தடவை அவன் பெயரைக் கூப்பிடுகிறாரே, ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ராமநாதபுரம் ஸ்டேஷன். பனங்கட்டி ஒரு ஓலைக் கொட்டான், கருவாடு மூன்று பொட்டலம், வாசிக்காத எட்டுப் புத்தகம். வழியனுப்ப அத்தையும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர்.

ஒலிபெருக்கி கரகரத்து, ரயிலின் பெயரைத் தமிழில் சொன்னது. அத்தை சட்டென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவர் எழுந்ததைப் பார்த்து, ரயில் வந்துவிட்டது என்று பெரியவரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இந்தியில் சொன்னது. உட்காரப் போன இருவரும் மறுபடி நிமிர்ந்தார்கள். ஆங்கிலத்திலும் சொன்னது.

ரயில் ஒரு மணி நேரம் தாமதமாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.