கரண்ட் இல்லாத நாட்களில் 475

நவம்பர் 17, 2018, சனி

நேற்று அடித்த கஜா புயலில் ஆன்டெனா கம்பி போயிற்று. 475 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கடல் தாண்டிய அமெச்சூர் ரேடியோக்காரர்களைக் கேட்கத்தான் அதைக் கட்டியிருந்தேன். கட்டியிருந்த இரண்டு தென்னையும் வேரோடு கிடக்கின்றன.

நவம்பர் 18

கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்பா விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார், படுத்தால் இழுக்கிறது என்கிறார். பாக்கெட் ரேடியோவில் திருச்சி மட்டும் கணீரென்று கேட்கிறது. வேதாரண்யம் பக்கம் என்ன ஆயிற்று என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

நவம்பர் 20

சித்தப்பா தோப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தாயிற்று. முதலில் அப்பாவின் நெபுலைசர், அப்புறம் செல்போன், மிச்சம் இருந்தால் லேப்டாப். இந்த வரிசை மாறாது.

இரவு மிச்சம் இருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் கிடைத்த கம்பியை இழுத்துக் கட்டி, லேப்டாப்பை ரேடியோவாக்கும் டாங்கிளைச் செருகினேன். இப்படி ஒரு அமைதியை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு சார்ஜர், ஒரு செட்டாப் பாக்ஸ் ஓடவில்லை. 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை, நம் அமெச்சூர் பட்டையில், எந்நேரமும் மூடிக் கிடந்த இரைச்சல் அப்படியே விலகிவிட்டது. தூரத்து மின்னல் மட்டும் அவ்வப்போது வெடிக்கிறது.

ஆனால் திரையில் 477-இல் ஒரு கோடு. தடித்த கோடு. இரண்டு பக்கமும் பேச்சு படிந்திருக்கிறது. இத்தனை நாள் அக்கம்பக்கத்து இரைச்சலுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

நவம்பர் 21

விமானங்களுக்கு வழிகாட்டும் பீக்கனோ என்று நேற்று ஒரு சந்தேகம். பீக்கன்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அவை மோர்ஸில் தங்கள் அடையாள எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அனுப்பும். இதில் மோர்ஸே இல்லை. காதில் வைத்துக் கேட்டால் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர்.

மத்திய அலை வரிசையின் அடுக்கு நம் பக்கம் 9 கிலோஹெர்ட்ஸ். 531, 540, 549 என்று எல்லா நிலையமும் ஒன்பதின் மடங்கில் உட்கார்ந்திருக்கும். பலமான இரண்டு நிலையம் கருவிக்குள் கலந்தால் அவற்றின் வித்தியாசத்தில் ஒரு போலிச் சிக்னல் பிறக்கும்; எந்த இரண்டைக் கழித்தாலும் விடை ஒன்பதின் மடங்குதான். 477 என்பது 53 ஒன்பது. நம் அமெச்சூர் பட்டைக்குள் நேராக விழும் மடங்கு அது ஒன்றுதான். கீழே நம் இன்னொரு பட்டையான 136-க்குப் போனாலும் தப்பிக்க முடியாது: 15 ஒன்பது 135, அந்தப் பட்டை 135.7-இல் தொடங்குகிறது. நிலையத்தின் பேச்சு மையத்துக்கு இருபுறமும் நாலைந்து கிலோஹெர்ட்ஸ் பரவும், ஆகவே அங்கேயும் மேலே வந்து படியும்.

ஆகவே 477 எங்கிருந்தும் வரவில்லை. என் டாங்கிளுக்குள் பிறக்கிறது. எந்த இரண்டு நிலையத்தின் பிள்ளை என்பதுதான் கேள்வி. திருச்சி 936 என்றால் ஜோடி 1413 அல்லது 459. அப்படி எதுவும் இங்கே பலமாகக் கேட்காது.

நவம்பர் 22

மழை. பேட்டரி முழுக்க அப்பாவுக்கு.

நவம்பர் 23, கார்த்திகை தீபம்

அக்கா வாசலில் அகல் வைத்தாள். எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. தெரு முழுக்க வேறு வெளிச்சமே இல்லை, நிலா தவிர.

இருட்டில் ஒரு வேலை முடித்தேன். 100 ஓம் இரண்டு, 68 ஓம் ஒன்று, மூன்று ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் சிக்னலைக் கிட்டத்தட்ட 10 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர். பேட்டரி சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் செருகினேன். 720-இல் சென்னை 10 இறங்கியது, அது நியாயம். 477 இருபதுக்குப் பக்கம் இறங்கியது.

இந்தச் சோதனை ஒன்று போதும். வெளியிலிருந்து உண்மையாக வருகிற சிக்னல் என்றால் 10 குறைத்தால் 10 குறையும். இரண்டு பலத்த நிலையங்கள் கருவிக்குள் கலந்து பிறப்பது என்றால் 20 குறையும், ஏனென்றால் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் பத்துப் பத்தாகக் குறைகிறது. மூன்றாம் வரிசைக் கலப்பு என்றால் 30. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், மூன்று ரெசிஸ்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் பார்த்தேன். அட்டெனுவேட்டர் போட்ட பிறகும் ஆன்டெனாவைக் கழற்றினால் பின்னணி இரைச்சல் தெளிவாக விழுகிறது. அப்படியானால் வானத்தின் இரைச்சல் இன்னும் டாங்கிளின் இரைச்சலுக்கு மேலேதான் இருக்கிறது, குறைத்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இந்தத் தாழ்ந்த அலைவரிசையில் பெருக்குவதைவிடக் குறைப்பதுதான் உதவி. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான் போகிறார்கள்.

நவம்பர் 24

சென்னை 720. திருநெல்வேலி 1197. கழித்தால் 477.

நவம்பர் 25, ஞாயிறு

கம்பி கட்ட இனித் தென்னை இல்லை. அதனால் லூப். விழுந்த சவுக்கிலிருந்து நாலு சட்டம், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், சுற்றிக் கம்பி, பழைய ரேடியோவில் நிலையம் மாற்றுகிற கேங் கண்டன்சர். 475-க்கு டியூன் செய்தால் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே அடங்குகிறது. நீளக் கம்பி கண்டதையும் அள்ளிக்கொண்டு வரும். லூப் அப்படி இல்லை, விளிம்பு பார்க்கிற பக்கங்களில் நன்றாகக் கேட்கும், முகம் நேராகப் பார்க்கிற திசையில் கேட்காது, அங்கே ஒரு கிணறு.

லூப்பின் முகத்தைத் திருச்சிப் பக்கம், மேற்கே காட்டினேன். பகலில் அந்தக் கிணறு எவ்வளவு கூர்மை! விரல் அளவு திருப்பினால் திருச்சி காணாமல் போகிறது, இன்னும் விரல் அளவு திருப்பினால் திரும்பி வருகிறது. 100 கிலோவாட், எண்பது கிலோமீட்டர், நடுவில் முழுக்கத் தண்ணீர் நிற்கிற சம்பா வயல். ஈர மண்ணில் தரை அலை நன்றாக ஓடும், அதனால்தான் இங்கே அது இவ்வளவு பலம்.

அப்பா உள்ளே இருந்து, “திருச்சியை அடைச்சிட்டியாடா?” என்றார். “உங்க ரேடியோவுல வரும்பா, என் பெட்டியில மட்டுந்தான் அடைச்சேன்” என்றேன். தலையாட்டினார். 1939-இலிருந்து பேசிக்கொண்டிருக்கிற நிலையம். அது அதன் வேலையைச் செய்கிறது, அதுவும் இந்த வாரத்தில். தாங்க முடியாதது என் 8 பிட் டாங்கிள்தான். இருப்பது 256 படி. பெரிய சிக்னல் எல்லாப் படியையும் எடுத்துக்கொண்டால் சின்னதற்கு நிற்க இடம் இல்லை.

477 மட்டும் இன்னும் இருக்கிறது. சென்னை கிட்டத்தட்ட வடக்கே, நெல்லை தென்மேற்கே, லூப் இரண்டையுமே கேட்கிறது.

நவம்பர் 26

புயல் சேதம் கணக்கெடுக்க இன்று வருவார்கள் என்றார்கள். வரவில்லை.

நவம்பர் 28

திருச்சிக்குத் தனியாக ஒரு டிராப். மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன் கடையைத் திறந்திருந்தார், வேலைதான் இல்லை. அரை மில்லிமீட்டர் எனாமல் கம்பி கேட்டேன், நிறுத்துத் தராமல் ஒரு கைச் சுருளைத் தூக்கிக் கொடுத்தார். 40 எம்.எம். பி.வி.சி. குழாயில் நெருக்கமாக 53 சுற்று, சுமார் 100 மைக்ரோஹென்றி. அதோடு 290 பிக்கோஃபாரட் அளவுக்குக் கேங் கண்டன்சர், இணையாக. இந்த ஜோடியை ஆன்டெனா வழியில் தொடராக வைத்தால் 936-க்கு மட்டும் கதவு மூடும். கண்டன்சரை மெல்லத் திருப்பினேன். திருச்சியின் கோடு சுருங்கிச் சுருங்கி ஓரிடத்தில் சட்டென்று இறங்கியது. முப்பது டெசிபெல்லுக்குக் கிட்டே.

ஆனாலும் அங்கங்கே பேய்க் குரல் மிச்சம் இருந்தது. டிராப்பைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தும் போகவில்லை. கோஆக்ஸ் கேபிளை லூப்பிலிருந்து கழற்றிப் பார்த்தேன், திருச்சி அப்போதும் வருகிறது! கேபிளின் வெளிச் சடையே ஆன்டெனாவாகி, டிராப்பைத் தொடாமல் பின்வாசல் வழியாக டாங்கிளுக்குள் நுழைகிறது. ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி டாங்கிளுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். யு.எஸ்.பி. கம்பிக்கும் ஒன்று. அடங்கியது. முன்வாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் இதைச் செய்யாமல் பயன் இல்லை.

அப்பாவுக்கு இன்று இரண்டு தடவை நெபுலைசர். இன்வெர்ட்டர் ஓடும்போது ஸ்பெக்ட்ரம் முழுக்க இரைச்சலின் வெள்ளை. ஓடட்டும்.

நவம்பர் 29

எல்லோரையும் அடைக்க வேண்டியதில்லை. ஜோடியில் ஒருவரை அடைத்தால் போதும், பிள்ளை பிறக்காது. இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்ததும் எழுந்து மாடிக்கு ஓடினேன்.

திருச்சியை டிராப் பார்த்துக்கொள்கிறது, ஆகவே லூப்புக்கு அந்த வேலை இனி இல்லை. லூப்பின் முகத்தை நெல்லைப் பக்கம், தென்மேற்கே திருப்பினேன். அப்படித் திருப்பினால் அதன் விளிம்பு தென்கிழக்கே பார்க்கிறது. தென்கிழக்கே கடல், கடலுக்கு அப்பால் மேற்கு ஆஸ்திரேலியா. எதை அடைக்க வேண்டுமோ அது கிணற்றில், எதைக் கேட்க வேண்டுமோ அது உச்சியில். யாரோ அளந்து வைத்த மாதிரி.

இரவில் கிணறு அவ்வளவு ஆழம் இல்லை. வானத்தில் பட்டுத் திரும்புகிற அலை மேலிருந்து வருவதால் கிணறு ஆழம் குறைந்து அலைகிறது, மணிக்கொரு தரம் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கிறது. அதோடு அந்த மூன்று ரெசிஸ்டரையும் சேர்த்தேன். 477 இரைச்சலுக்குள் போய்விட்டது. ஏழு கிலோஹெர்ட்ஸ் அகலம், முதன்முறையாகக் காலி.

நவம்பர் 30

ஒன்றும் இல்லை. மின்னல் மட்டும்.

டிசம்பர் 1

இன்றும் காத்திருந்தேன். மிகப் பலவீனமான சிக்னலுக்கான டிஜிட்டல் முறை விஸ்பர் (WSPR). அதில் ஒரு தடவை அனுப்ப கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கும், அகலம் ஆறு ஹெர்ட்ஸ். கடிகாரம் ஒன்றிரண்டு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜி.பி.எஸ். நேரம் சொல்கிறது, அதைப் பார்த்து லேப்டாப்பைத் திருத்தினேன். 2012 ஜெனீவா மாநாட்டில் இந்தப் பட்டையை நமக்குக் கொடுத்தபோது வைத்த வரம்பு, ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி ஒரு வாட், சில இடங்களில் ஐந்து. ஒரு வாட் ஆறாயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டும். பக்கத்தில் லட்சம் வாட். இதற்காகத்தான் இவ்வளவும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் சூரியன் மறைவது நமக்கு மாலை நாலரைக்குப் பிறகு, உதிப்பது இரவு இரண்டரைக்கு. ஆகவே ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை இரண்டு பக்கமும் இருட்டு. அதற்குள்தான் நடக்க வேண்டும்.

பேட்டரி பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. அப்பாவுக்கு ஒரு வேளைக்கு எடுத்து வைத்துவிட்டு மூடினேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

நள்ளிரவு 12.38. ஒரே ஒரு வரி. VK6 என்று தொடங்கும் மேற்கு ஆஸ்திரேலிய அழைப்புக்குறி, பலம் மைனஸ் 27 டெசிபெல்.

அக்காவை எழுப்பிக் காட்டினேன். “இதுவா?” என்றாள். இதுதான் என்றேன். உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்தாள், மறுபடி எப்போது வரும் என்று கேட்டாள். நூல்போல மெல்லிய தடம், கண்ணுக்கே தெரியாது, மென்பொருள் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. 477 இருந்திருந்தால் அதன் பேச்சு 475.7 மேல் படிந்து இதை முழுங்கியிருக்கும்.

தூக்கம் வரவில்லை. அப்பாவும் விழித்துத்தான் இருந்தார். சொன்னேன். “ஆஸ்திரேலியாவா? அங்கேயும் மழையாமா?” என்று கேட்டார்.

டிசம்பர் 3

சித்தப்பா தோப்பில் மரம் அறுக்கிற சத்தம் காலையிலிருந்து. ஒரு மரமாவது நிமிர்த்தி நட்டுப் பார்க்கலாமா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 5

மாலை கரண்ட் வந்தது. தெருவில் கைதட்டினார்கள், நானும்தான். நெபுலைசரைச் சுவர் பிளக்கில் மாட்டினேன், அப்பா நன்றாக மூச்சு விடுகிறார்.

472-க்கு மேல் பழையபடி வெள்ளை. அது வேறு வகைத் தொல்லை, டிராப்புக்கும் கிணற்றுக்கும் அடங்காது. லூப்பை வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கலாம், களத்துமேட்டுக்கு எழுபது மீட்டர் இருக்கும். கேபிள் போதாது. நாளை தஞ்சாவூரில் அப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும், அப்படியே கீழவாசலில் கோஆக்ஸ் விலை விசாரிக்கணும். டாங்கிள் பக்கத்துக்கு இன்னும் இரண்டு ஃபெரைட் வளையம், பெரிய அளவு.