அத்தையின் மெத்தையை என்ன செய்தோம்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிறது பகாவ் பட்டணம். அங்கிருந்து எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வரும் வழியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மண்பாதை பிரியும். அதில் கொஞ்சம் உள்ளே போனால் மெத்தைகள் கிடக்கும். ஒற்றைக் கட்டில் மெத்தை, இரட்டைக் கட்டில் மெத்தை, பிள்ளைகள் படுத்த பூப்போட்ட மெத்தை, எல்லாம் மழையில் ஊறிக் கறுத்துப்போய். தோட்டத்துக்காரர்கள் எப்போதாவது அள்ளி அப்புறப்படுத்துவார்கள். அடுத்த பண்டிகைக்குள் மறுபடி வந்துவிடும்.

உதிரிப் பழம் பொறுக்குபவர்கள் அந்த மெத்தைகளுக்கு நடுவேதான் குனிந்து வேலை செய்கிறார்கள். மெத்தைக்கடியில் எலி குடியேறும், எலியைத் தேடி நாகம் வரும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையின் மடிப்பில் மழைநீர் தேங்கினால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வந்துவிடும். நம்முடைய அழுக்குக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அந்தப் பாதையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபம் வரும்.

போன வருடம் என் அத்தை, கணவரின் அம்மா, தவறினார். நெடுநாள் படுக்கையிலேயே இருந்தவர். பாயையும் தலையணையையும் முறைப்படி அப்புறப்படுத்திவிட்டோம். மிஞ்சியது அந்த ஸ்பிரிங் மெத்தை. துக்கத்துக்கு வந்த பெரியவர்கள் அதை வீட்டில் வைக்கக்கூடாது என்றார்கள். கொழுந்தனார் வண்டியோடு தயாராகவே இருந்தார்.

"அண்ணி, ராத்திரி நானும் பையனும் ஏத்திக்கிட்டுப் போயி பாலத்துக்கிட்ட போட்டுட்டு வந்துடுறோம். ஆத்துல விடுறதுதானே வழக்கம்?"

"வேணாம் தம்பி. பாயி மக்கிப்போகும், இது மக்காது. கொஞ்சம் பொறுங்க."

எங்கள் வட்டாரத்து ஆறுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆற்றுத் தண்ணீர் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்தில்தான் முற்காலத்தில் வணிகர்கள் படகுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். பெனாரிக்கான் வழி என்பது அதுதான். இங்கே தண்ணீரில் போடுவது இந்தக் கடலுக்கோ அந்தக் கடலுக்கோ போய்ச் சேரும், இல்லை வழியில் ஏதாவது பாலத்தை அடைத்துக்கொண்டு கம்போங் எனும் கிராமத்துக்குள் வெள்ளத்தைக் கொண்டுவரும்.

எரித்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். அது இன்னும் மோசம். இன்றைய மெத்தைகளில் இருப்பது பெரும்பாலும் பாலியூரிதேன் நுரை, பெட்ரோலியத்திலிருந்து செய்வது. அது எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியே வரும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமா பிள்ளை இருக்கிறான். தவிர, திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

அத்தை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனவர். ரப்பர் பாலை அடித்து நுரையாக்கி மெத்தை செய்யும் முறையை டன்லப் நிறுவனத்தார் 1929-இல் கண்டுபிடித்தார்கள். இவர்கள் எடுத்த பாலில் எத்தனையோ வீடுகளுக்கு மெத்தை போயிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் அத்தை படுத்தது இலவம் பஞ்சு மெத்தையில். பஞ்சு கட்டிப்போனால் தையலைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, கோலால் அடித்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்துத் திரும்பத் தைப்பார்களாம். உறை கிழிந்தால் அது தரை துடைக்கிற துணி. அந்த மெத்தையைத் தூக்கிப்போடுவது என்ற பேச்சே இல்லை. இதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

நெகிரி செம்பிலானில் 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2015 செப்டம்பரிலிருந்து குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை எடுப்பார்கள், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பெரிய சாமான்கள். அந்த ஒரு நாள்தான் மெத்தைக்கு. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் சாதாரண நாளில் வாசலில் போட்டுவிட்டு, எடுக்கவில்லையே என்று திட்டுகிறார்கள். குப்பையை நசுக்கும் லோரியில் ஸ்பிரிங் மெத்தையைப் போட்டால் நுரை நசுங்காமல் எழும்பும், கம்பி இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் குப்பை எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து, மெத்தை இருக்கிறது, என்ன அளவு என்று சொல்லி வைத்தோம். பொறுமையாகத்தான் பேசினார்கள்.

அதுவரை கார் நிறுத்தும் கூரைக்கடியில் நிமிர்த்தி வைத்தோம். இது முக்கியம். நனைந்த மெத்தையைத் தூக்க நாலு பேர் வேண்டும், தொழிலாளர்களின் முதுகு என்னாவது?

கம்பியைத் தனியாக எடுத்துவிடலாம் என்றார் என் கணவர். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஓரத்து நாடாத் தையலை பிளேடால் சுற்றிலும் கீறினார். துணி, நுரை, அதற்கடியில் அழுத்திய பழந்துணிப் பலகை. பலகையைச் சுருளோடு பிடித்திருக்கும் சின்ன வளையங்களைக் குறடால் வெட்டினால் இரும்புக் கூடு முழுதாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கிற வகை என்றால் முயலவேண்டாம், பிரித்து மாளாது. இரும்பை, "சூராட் காபார் லாமா, பெசி புரோக்" (பழைய பேப்பர், பழைய இரும்பு) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்காரர் வாங்கிக்கொண்டார். கிடைத்த சில வெள்ளிப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டோம். துணியும் நுரையும் மூட்டையாகக் கட்டி, பெரிய சாமான் எடுக்கும் நாளில் போயின.

நோயாளி படுத்த மெத்தையாக இல்லாமல் நல்ல நிலையில் இருந்தால் வேறு வழி உண்டு. முதியோர் இல்லத்தில் முதலில் கேளுங்கள், கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள். தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியாக இருக்கலாம், யாருக்கும் தரக்கூடாது. புது மெத்தை வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் கேளுங்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பழைய மெத்தை சுவரில் சாய்ந்து நிற்கிறது. தூக்க ஆளில்லாமல், கூலிக்கு வருகிறவனிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவன் எங்கே கொண்டுபோய்ப் போடுவான் என்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரத்துக்கு அவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், வாசலுக்குத் தூக்கி வைக்கக் கொழுந்தனார் வருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் வீட்டு வரிசையிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார், கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.