பிரிடின் வினைக்குக் கணினியில் கரைப்பான் தேடல்: இதுவரை

எடுத்துக்கொண்டது பிரிடினும் பினசைல் புரோமைடும் சேர்ந்து உப்பாகும் மென்ஷுட்கின் வினை. மின்சுமையற்ற இரு மூலக்கூறுகள் வினைபுரியும்போதே நேர், எதிர் சுமைகளாகப் பிரிவதால் கரைப்பான் மாறினால் வேகமும் பெரிதாக மாறும். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2013இல் இதே வினைக்குக் கணினி வழியே கரைப்பான் தேடி, வேக மாறிலியை 40% கூட்டிக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்.

ஆனால் அந்த 40% என்பது 25 டிகிரியில் கிளர்வு ஆற்றலில் (வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு வெறும் 0.8 கிலோஜூல்தான். பத்து மடங்கு வேகத்துக்கே 5.7 கிலோஜூல் போதும். சாதாரண குவாண்டம் கணக்கின் பிழை இதைவிடப் பெரிது. ஆகவே கிடைக்கும் வேக மாறிலியை நம்பக் கூடாது. கரைப்பான்களின் வரிசையை ஓரளவு நம்பலாம், பிழையின் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதால்.

கிளர்வுற்ற அணைவின் (வினையின் உச்சத்தில் மூலக்கூறுகள் எடுக்கும் இடைநிலை) வடிவத்தை வாயு நிலையில் கண்டுபிடித்து அப்படியே கரைப்பானுக்குள் போடுவது தவறு. முனைவுள்ள கரைப்பானில் அணைவு முன்னதாகவே வந்துவிடும், கார்பன்–நைட்ரஜன் தூரமும் கூடும். ஒவ்வொரு கரைப்பானிலும் தனியாக வடிவத்தைச் சீராக்கி, கற்பனை அதிர்வெண் (அணைவு உண்மையிலேயே அந்த உச்சம்தான் என்பதற்கான அடையாளம்) ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரைப்பானைத் தொடர் ஊடகமாகக் கருதும் எஸ்.எம்.டி. கணக்கு மாதிரியில், அதன் பட்டியலில் இல்லாத கரைப்பானுக்கு எண்களை நாமே கொடுக்க வேண்டும். அங்கே ஒரு பொறி: பரப்பு இழுவிசையை மில்லிநியூட்டன்/மீட்டரில் தந்தால் நிரல் பிழை காட்டாது, விடைதான் தப்பாகும். நிரல் கேட்கும் அலகுக்கு மாற்ற 1.439ஆல் பெருக்கித் தர வேண்டும். தண்ணீரின் 72, அப்போது 103.6 ஆகும்.

மின்காப்பு மாறிலியை மட்டும் வைத்துச் சலிப்பதில் பயனில்லை. அதிலிருந்து கரைப்பானின் முனைவுத் தாக்கத்தைக் கணிக்கும் கிர்க்வுட் சார்பு டொலுவீனுக்கு 0.24, அசிட்டோனுக்கு 0.46, டைமெத்தில் சல்பாக்சைடுக்கு 0.48. மாறிலி இருபதுக்கு மேல் போனால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. மிச்ச வேறுபாட்டைத் தருவது ஹைட்ரஜன் பிணைப்பு: மெத்தனால் போன்றவை பிரிடினின் தனித்த எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும்.

ஏழெட்டுக் கரைப்பான்களுக்குக் கணக்கிட்டு, கரைப்பானின் பண்புகளை வேகத்தோடு இணைக்கும் நேரியல் சமன்பாடு பொருத்தி, மற்றவற்றை அதில் சலிக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பில் ஆல்கஹால் ஒன்றே ஒன்று இருந்தால் அமிலத்தன்மைக் கெழு (ஹைட்ரஜன் பிணைப்பு தரும் திறனின் பங்கு) முழுக்க அந்த ஒரு புள்ளியில் தொங்கும். குறைந்தது மூன்று வேண்டும்.

சலித்த கரைப்பான்களின் பட்டியல் வந்தபின் வேதியியல் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். டைமெத்தில் சல்பாக்சைடு தாளில் அழகாக இருக்கும். பினசைல் புரோமைடை அது ஃபினைல்கிளையாக்சலாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும் (கார்ன்ப்ளம் வினை). நைட்ரோமெத்தேன் வேகமானதுதான், வெடிக்கும் ஆபத்து அதற்கு உண்டு. இரண்டையும் கழித்தால் முன்னே நிற்பவை அசிட்டோநைட்ரைல், புரொப்பிலீன் கார்பனேட்.

அடுத்தது அளவீடு. உப்பு உருவாக உருவாக மின்கடத்துதிறன் ஏறும், அதைத் தொடரலாம். டொலுவீனில் உப்பு வீழ்படிவாகிவிடும், கடத்துதிறன் உயராது. அங்கே வெள்ளி நைட்ரேட்டால் புரோமைடைத் தரம்பார்ப்பதே வழி. பினசைல் புரோமைடு கண்ணீர்ப்புகை வகையைச் சேர்ந்தது, புகைபோக்கி அறைக்கு வெளியே திறக்க வேண்டாம்.