ஆடி மாசத்து சிட்டை

ஜூலை 5, சனி

வீட்டுல அடி தாங்காம வெளிய வர்ற பொம்பளைங்க தங்குற இல்லத்துக்கு ஒத்தாசைக்கு போக ஆரம்பிச்சு இது மூணாவது மாசம். எந்தத் தெரு, யார் யாருன்னு எழுத மாட்டேன், வந்திருக்கவங்கள தேடிக்கிட்டு ஆள் வர்றது நிஜமாவே நடக்குது. காரைக்குடிப் பக்கம்னு மட்டும் இருக்கட்டும்.

இன்னைக்கு புதுசா ஒரு புள்ள, 26 வயசு, இடுப்புல மூணு வயசுப் பையன். பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து 181க்கு, பொம்பளைங்களுக்கான உதவி நம்பருக்கு அடிச்சு, ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு போயி, அங்க அஞ்சு நாள் வரைக்கும்தான் தங்க முடியும்னு இங்க அனுப்பி வச்சிருக்காங்க. கையில ஒரு கட்டைப்பை. உள்ள பையனோட ரெண்டு டவுசர், தடுப்பூசி அட்டை, ஒரு செல் சார்ஜர். செல்லு கிடையாது, அத புருஷன் பிடுங்கி வச்சுக்கிட்டானாம். "சார்ஜர எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னே தெரியல ஆச்சி"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. சுடுசோறும் பூண்டு ரசமும் போட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

அந்தப் புள்ளையோட அண்ணன்காரன் போன் பண்ணிருக்கான், இல்லத்து நம்பருக்கு. கல்யாணமாகி நாலு வருஷத்துல மூணு பஞ்சாயத்து பேசியாச்சு, மூணு தடவையும் மாப்பிள்ள இனிமே கை நீட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்தான், இப்பவும் எழுதித் தர்றேங்கறான், புள்ளைக்காக போயிரச் சொல்லுங்கன்னு. பெரியாஸ்பத்திரில தையல் போட்டப்போ கூட பக்கத்துலயே மாமியார் நின்னதால படில விழுந்துட்டேன்னுதான் சொல்லிருக்கு, ஆஸ்பத்திரில காயத்தப் பதிஞ்சு குடுக்குற ஏஆர் காப்பிலயும் அப்படித்தான் இருக்கு.

இங்க வந்து போற ஒருத்தங்க, நல்ல மனுஷிதான், "இவ்வளவு நாள் ஏம்மா பொறுத்துக்கிட்ட"ன்னு அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எங்க வளவுலயே, பல குடும்பம் சேந்து இருந்த அந்தப் பெரிய வீட்டு ரெண்டாம் கட்டுல, சித்தப்பா வீட்டு அண்ணமிண்டி, அண்ணன் பொண்டாட்டி, அடி வாங்குறது முகப்பு வரைக்கும் கேக்கும், ஆறு புள்ளி, ஆறு குடும்பம் இருந்தோம், எல்லாரும் அவங்கவங்க அறைக் கதவ சாத்திக்கிட்டு இருந்தோம், நானும்தான். பொறுத்துக்கிட்டது அண்ணமிண்டி மட்டும் இல்லையே, நாங்க அத்தனை பேரும்தான பொறுத்துக்கிட்டோம். அவங்க போயி 20 வருஷம் ஆச்சு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

பாதுகாப்பு அலுவலர் மேடம் வந்து குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுனாங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல இதுக்குன்னே ஒரு படிவம் இருக்கு, அடி மட்டும் இல்ல, திட்டுனது, செலவுக்கு குடுக்காம விட்டது, நகைய வாங்கி அடகு வச்சது எல்லாத்துக்கும் தனித்தனியா கட்டம். கடைசில இணைப்புல மருத்துவச் சான்று, சீதனப் பட்டியல்னு கேக்குது. பட்டியல் நான் எழுதுறேன்னு நோட்ட வாங்கிக்கிட்டேன். எங்க பக்கத்து கல்யாணத்துல சாமான் பரப்புனா சிட்டை எழுத என்னத்தான் கூப்பிடுவாங்க, 30 வருஷமா எழுதுற கை.

பட்டாலையில பாய விரிச்சு உக்காந்தோம். மொதல்ல, ஞாபகம் இல்ல ஆச்சி, என்ன பெருசா போட்டாங்கன்னு இழுத்துச்சு. அடுப்படில இருந்து ஆரம்பி, கதவத் திறந்தா வலது பக்கம் என்ன இருக்குன்னு கேட்டேன், அவ்வளவுதான், கண்ண மூடிக்கிட்டு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. எவர்சில்வர் குடம் 2, இட்லிக் கொப்பரை 1, பணியாரச் சட்டி 1, சருவச் சட்டி பெருசு ஒண்ணு சின்னது ரெண்டு, தூக்குவாளி 3, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, அதுல ஒண்ணுக்கு திரி போடுற தட்டு ஆடும். எல்லாத்துலயும் பேர் வெட்டிருக்கான்னு கேட்டேன். வெட்டிருக்கு, அப்பா கடைக்காரர் பக்கத்துலயே நின்னு வெட்ட வச்சாரு, என் பேரு, முன்னால அவரு பேரோட மொத எழுத்துன்னு சொன்னப்போ மொத தடவையா அந்த மூஞ்சில ஒரு தெளிவு வந்துச்சு. பேர் வெட்டுன பாத்திரம் எங்க வீட்டுதுன்னு நாளைக்கு யாராலயும் சொல்ல முடியாதுல்ல.

23வது சாமான் தண்ணிச் செம்பு. அதுல நின்னு போச்சு. இடது புருவத்து மேல தையல் போட்ட எடத்த விரலால தடவிக்கிட்டே, "அது ஒடுக்கு விழுந்திருக்கும், அப்படியே எழுதுங்க"ன்னுச்சு. எழுதுனேன். மேடம் தலைய நிமிர்த்தாம, எப்ப விழுந்த ஒடுக்குன்னு மெதுவா கேட்டாங்க. அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்தப் புள்ளதான் பேசுச்சு.

மொத்தம் 41 சாமான், நகை 9 பவுன் தனியா.

ஜூலை 25, ஆடி ரெண்டாம் வெள்ளி

கும்மாயம் கிண்டுனேன். கருப்பட்டி கொஞ்சம் கூடிப் போச்சு, பிள்ளைங்க வழிச்சு வழிச்சு தின்னுச்சுங்க. இந்தப் பையன் இப்பல்லாம் கதவு சத்தத்துக்கு திடுக்குன்னு எந்திரிக்கிறதில்ல.

மனு போட்டாச்சு. இலவச சட்ட உதவி வக்கீல்தான், பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காமலே வக்கீல் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியல. 15100க்கு போன் பண்ணாலே வழி சொல்வாங்க. மொத விசாரணையில இருந்து 60 நாளைக்குள்ள முடிக்கப் பாக்கணும்னும் சட்டத்துல இருக்கு, நடப்புல வாய்தா வாய்தான்னு இழுக்குறத இங்க இருக்க மத்த புள்ளைங்க கேஸ்லயே பாக்குறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

இடைக்கால உத்தரவு வந்துருச்சு, வெள்ளிக்கிழமையே. அவன் கிட்ட வரக் கூடாது, போன் பண்ணக் கூடாது, சாமான திருப்பித் தரணும். மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். எனக்குத்தான் சந்தோஷம், அந்தப் புள்ளைக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல, இப்பதான் கோவம் ஜாஸ்தியாகும்னு பயம். அந்த பயம் நியாயமான பயம். விட்டுட்டு வர்ற சமயம்தான் ஆபத்து கூடன்னு மேடமும் சொல்வாங்க. வாசக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பா போட்டிருக்கோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேடம், மகளிர் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு போலீஸ், ஒரு குட்டியானை வண்டி. அந்தப் புள்ள அந்த வீட்டுக்குள்ள போகல, வண்டிலயே உக்காந்துக்குச்சு. நான் சிட்டைய வச்சுக்கிட்டு உள்ள போனேன். மாமியார் ஒண்ணொண்ணா எடுத்து வச்சுக்கிட்டே "நாங்க என்ன கொறை வச்சோம்"னு அழுதாங்க. நான் பதில் பேசல, பேர் வெட்டிருக்கத பாத்துப் பாத்து டிக் அடிச்சேன். 41ல 34 வந்துச்சு. நகை வரல, அடகுச் சீட்டுதான் இருக்கு, அதையும் மேடம் எழுதிக்கிட்டாங்க.

செம்பு பொறவாசல்ல, துவைக்கிற கல்லு பக்கத்துல கிடந்துச்சு. வண்டில குடுத்தேன். வாங்கி மடில வச்சுக்கிட்டு ஒடுக்கு இருக்க பக்கத்த உள்ளங்கையால மூடிக்கிச்சு. இல்லம் வந்து சேந்ததும், பாத்திரக்கடைல குடுத்து ஒடுக்கெடுத்துரவான்னு கேட்டேன்.

"வேணாம் ஆச்சி, கேஸ் முடியட்டும். ஜட்ஜம்மா பாக்கணும்."

பழைய துணில சுத்தி, ஏஆர் காப்பியோட சேத்து பீரோவுல வச்சுப் பூட்டிருக்கேன். சாவி அந்தப் புள்ளகிட்ட இருக்கு. அடுத்த வாய்தா 21ந்தேதி.